46 வருஷம் ஓடிய வாயேஜரைச் சரி செய்தார்கள், மூன்று வருஷ போனைச் சரி செய்ய ஆள் இல்லையா?

கொள்ளிடக்கரை | செவ்வாய், இரவு 10:15

போன வாரம் என் போனின் பின்மூடி ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. மேசையில் வைத்தால் ஆடுகிறது. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பையன்தான் கண்டுபிடித்தான். வாங்கி மூன்று வருஷம் இரண்டு மாதம் ஆகிறது. அன்றைக்கு விலை 14,500.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு, கவுன்டரில் இருந்த பெண் மாடல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வர்றது நின்னுடுச்சு. எக்ஸ்சேஞ்சுல போட்டீங்கன்னா 1,200 ரூபாய் கழிச்சுக்கலாம்" என்றார். போனில் வேறு ஒரு குறையும் இல்லை. கேமரா நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கீறல் கிடையாது. பேட்டரி ஒன்றுக்காக மொத்தத்தையும் குப்பையில் போடச் சொல்கிறார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் வாயேஜர் 1 பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1977 செப்டம்பர் 5 அன்று கிளம்பிய நாசா விண்கலம். 2023 நவம்பரில் திடீரென்று அது அனுப்பும் தகவல் எல்லாம் அர்த்தமில்லாத ஒன்று, பூஜ்யமாக வர ஆரம்பித்தது. கலம் இருந்த தூரம் ஏறக்குறைய 2,400 கோடி கிலோமீட்டர். இங்கிருந்து ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். மார்ச்சில் ஒரு கட்டளை அனுப்பி, கலத்தில் தகவல்களைத் தொகுக்கும் கணினியின் மெமரி முழுவதையும் திருப்பி அனுப்ப வைத்து, பழைய பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த மெமரியில் 3 சதவீதம் கெட்டிருந்தது. ஒரே ஒரு சிப் செத்திருந்தது.

அங்கே போய் சிப்பை மாற்ற முடியாது. அதிலிருந்த நிரலை அப்படியே வேறு இடத்துக்குத் தூக்கி வைக்கலாம் என்றால் அவ்வளவு பெரிய காலி இடம் மெமரியில் இல்லை. அதனால் துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த மூலையில் எல்லாம் வைத்து, துண்டுகள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும்படி எழுதி 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். 20ஆம் தேதி ஒழுங்கான தகவல் வந்தது. வாயேஜரின் கணினிகள் எல்லாம் சேர்ந்து மொத்த மெமரி 70 கிலோபைட்டுக்கும் குறைவு. என் 4 ஜிபி போனில் அதைப்போல அறுபதாயிரம் மடங்கு இருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவ்வளவு தூரத்தில் இருப்பதை, கையால் தொட முடியாததைச் சரி செய்கிறார்கள். மேசை மேல் இருப்பதை ஏன் சரி செய்ய முடியவில்லை?


சால்டரிங் கை | செவ்வாய், இரவு 10:32

அண்ணே, மத்தது எல்லாம் அப்புறம். முதல்ல அந்த போனை ஆஃப் பண்ணுங்க. சார்ஜ் போடாதீங்க. மூடியை அமுக்கி உள்ள தள்ளப் பாக்காதீங்க, ஊசி வச்சுக் குத்தி காத்தை எடுக்கச் சொல்லி யாராவது வீடியோ போட்டிருப்பாங்க, அதைச் செஞ்சிடாதீங்க. உள்ள இருக்கிறது எரியிற வாயு. மெத்தை, துணி பக்கத்துல வைக்காம ஒரு மண்சட்டியிலயோ டைல்ஸ் தரையிலயோ வைங்க. மாடல் நம்பரை எனக்குத் தனியா அனுப்புங்க. நான் மெட்ராஸ்ல பதினாறு வருஷமா போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன்.


கணக்குப்பிள்ளை | புதன், காலை 7:05

ஒப்பீடு நெஞ்சைத் தொடுகிறது, ஆனால் நியாயமான ஒப்பீடு இல்லை. வாயேஜர் 1, வாயேஜர் 2 இரண்டுக்கும் சேர்த்து, நெப்டியூனைத் தாண்டும் வரை ஆன செலவு 86.5 கோடி டாலர். அதுவும் அந்தக் காலத்து டாலர். உங்கள் போன் 14,500 ரூபாய். வாயேஜருக்கென்று ஒரு குழு சம்பளம் வாங்கிக்கொண்டு இன்றும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் போனுக்கு அப்படி ஒரு குழுவை வைத்தால் அதன் விலையை நீங்களும் கொடுக்க முடியாது, நானும் கொடுக்க முடியாது.

இன்னொன்று. தூக்கிப் போட்டுப் புதிது வாங்கும் இந்தப் பழக்கத்தால்தான் விலை இறங்கியது. எங்கள் ஆச்சிக்கு 7,000 ரூபாயில் ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். துபாயில் இருக்கும் பேரனை தினமும் முகம் பார்த்துப் பேசுகிறார். 2005இல் அந்த வசதி இவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்காது. கோடிக்கணக்கான பேர் அடிக்கடி வாங்கியதால்தான் சிப்பும் கேமராவும் இவ்வளவு மலிவாயின. நீடித்து உழைப்பதை மட்டும் பார்த்தால் இந்தப் பக்கத்தை மறந்துவிடுவோம்.


இயற்பியல் டீச்சர் | புதன், மாலை 5:48

கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. விண்வெளித் துறை நீடித்து உழைப்பதற்குக் கொடுக்கும் விலை பணம் மட்டும் இல்லை, வேகமும்கூட. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் ஒவ்வொரு வருஷமும் இதைக் கேட்பேன்: செவ்வாயில் ஓடும் பெர்சவரன்ஸ் ஊர்தியின் கணினி வேகமா, உங்கள் அப்பாவின் போன் வேகமா? எல்லோரும் ஊர்தி என்பார்கள். 2021இல் இறங்கிய அந்த ஊர்தியில் இருப்பது ராட்750 என்ற செயலி. 1997இல் வந்த பவர்பிசி 750இன் கதிர்வீச்சு தாங்கும் வடிவம். ஓடுவது 200 மெகாஹெர்ட்ஸ் அளவில்தான். பூமிக்கு வெளியே காந்தப்புலமும் காற்றும் தரும் பாதுகாப்பு கிடையாது. அங்கே ஒரு துகள் வந்து மோதினால் மெமரியில் 0 இருந்த இடம் 1 ஆகிவிடும். புது சிப்பில் எல்லாமே அவ்வளவு நுணுக்கம் என்பதால் அடி பலமாக விழும். அதனால் பழசாக இருந்தாலும் தாங்குமா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆனால் அதே ஊர்தியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு போன இன்ஜெனுயிட்டி என்ற குட்டி ஹெலிகாப்டரில் இருந்தது என்ன தெரியுமா? ஸ்னாப்டிராகன் 801. 2014 வாக்கில் வந்த போன்களில் இருந்த அதே செயலி. பேட்டரியும் கடையில் கிடைக்கும் வகை லித்தியம் செல்கள்தான். மொத்த எடை 1.8 கிலோ. முப்பது நாளில் ஐந்து முறை பறந்து காட்டினால் போதும் என்று அனுப்பினார்கள். 2021 ஏப்ரல் 19இல் முதல் பறப்பு. 2024 ஜனவரியில் இறக்கை சேதமாகும் வரை 72 முறை பறந்தது. நடுவில் 2022இல் அதன் சாய்வுமானி செத்துப்போனது. அந்த வேலையை இன்னொரு உணரியின் தலையில் கட்டி, மென்பொருளை மாற்றி, மறுபடி பறக்க வைத்தார்கள்.

ஆக, போனில் இருக்கும் சரக்கு மட்டம் கிடையாது. அதே சரக்கு செவ்வாயின் குளிரில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஓடியிருக்கிறது. கொள்ளிடக்கரை ஐயாவின் போனுக்கு ஏன் மூன்று வருஷம்தான் ஆயுள் என்றால், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் என் பதில்.

ஒரு சின்னச் சேதியும் உண்டு. 2013 பிப்ரவரி 25இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி சி20இல் பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தார் செய்த ஸ்ட்ராண்ட்-1 என்ற குட்டிச் செயற்கைக்கோள் போனது. அதற்குள் ஒரு நெக்ஸஸ் ஒன் போன் முழுசாக இருந்தது. விண்வெளிக்குப் போன முதல் ஸ்மார்ட்போன் செயற்கைக்கோள் நம் ராக்கெட்டில்தான் ஏறியது.


மேகம்பார்த்தான் | புதன், இரவு 8:20

டீச்சர் சொன்ன பிறகுதான் ஞாபகம் வருது. வெல்க்ரோ, டெஃப்லான் எல்லாம் நாசா கண்டுபிடிச்சதுதானே? நிலாவுக்குப் போனதால நம்ம வீட்டுக்குள்ள வந்த சாமான் எவ்வளவோ இருக்கு.


இயற்பியல் டீச்சர் | புதன், இரவு 9:02

இல்லை தம்பி. இது பாடப்புத்தகத்துக்கு வெளியே எல்லோரும் நம்பும் கதை. டெஃப்லான் 1938இல் டூபான்ட் கம்பெனி ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டது, நாசா பிறந்ததே 1958இல். வெல்க்ரோ சுவிஸ் நாட்டு ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், நாயின் முடியில் ஒட்டிய முள்காயைப் பார்த்துச் செய்தது. விண்வெளி வீரர்கள் பயன்படுத்தியதால் அவர்கள் பெயரில் பரவிவிட்டது.

உண்மையான உதாரணம் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. போன் கேமராவின் சிமாஸ் உணரி, அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சிப். 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் என்பவரும் குழுவும், விண்கலக் கேமராவை எப்படிச் சின்னதாக்குவது, மின்சாரத்தை எப்படிக் குறைப்பது என்று உழைத்ததில் வந்தது. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் அதற்கென ஒரு பெருக்கியை அங்கேயே வைத்தார்கள். கேமராவும் மற்ற மின்சுற்றும் ஒரே சிப்பில் அடங்கியது. கல்யாண வீட்டில் எடுக்கும் செல்ஃபி வரை அதன் வழிதான். கிரகங்களைப் படமெடுக்க நினைத்தவர்களால் நமக்குக் கேமரா வந்தது, போன் செய்தவர்களால் செவ்வாய் ஹெலிகாப்டருக்குச் செயலி போனது. இந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.


யாழ்மணல் | வியாழன், காலை 6:40

நல்ல கதை ஒண்டு போகுது. இஞ்ச இலங்கையில 2022இல டொலர் இல்லாமல் போன நேரம், புதுப் போன் வாங்கிற யோசனையே ஒருத்தருக்கும் இல்லை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, விலை ரெண்டு மூண்டு மடங்கு. எங்கட சந்தியில போன் திருத்திற பெடியன் ஒருத்தன் இருக்கிறான். அந்த வருசம் அவன்ர கடையில காலமை எட்டு மணிக்கே சனம் நிக்கும். ஒரு பழுதான போனில இருந்து டிஸ்பிளே கழட்டி இன்னொண்டுக்குப் போடுவான், அதின்ர சார்ஜிங் பின்னைக் கழட்டி மூண்டாவதுக்குப் போடுவான். ஏலாது எண்டு கம்பெனி சொன்ன போன்கள் எத்தினையோ அவன்ர கையால ஓடினது. அப்பதான் விளங்கினது, ஏலாது எண்டுறதுக்கும் செய்ய மாட்டம் எண்டுறதுக்கும் வித்தியாசம் இருக்கு எண்டு.


சால்டரிங் கை | வியாழன், இரவு 11:50

கடை இப்பதான் மூடினேன். யாழ்மணல் தம்பி சொன்ன அந்தப் பையனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

கொள்ளிடக்கரை அண்ணன் எழுதினதுல ஒரு வரி என்னைத் தூங்க விடலை. ஒரே ஒரு சிப் செத்திருந்தது, அதை மெமரியை வாங்கி ஒப்பிட்டுக் கண்டுபிடிச்சாங்கன்னு எழுதினீங்களே, அது. எங்க வேலையும் அதுதான். மாத்துறது அஞ்சு நிமிஷம், எதை மாத்தணும்னு கண்டுபிடிக்கிறது அஞ்சு நாள்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அம்மா திருவள்ளூர் பக்கத்துல இருந்து வந்தாங்க. வீட்டுக்காரர் இறந்து நாலு மாசம். அவரோட போன், தண்ணியில விழுந்து செத்தது. அவங்களுக்கு போன் வேண்டாம். அவரு அனுப்பின வாய்ஸ் மெசேஜும் எடுத்து வச்ச போட்டோவும் வேணும். நாலு கடையில போர்டு டெட்டுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இப்ப வர்ற போன்ல மெமரி ஐசியை மட்டும் தூக்கி வேற போர்டுல வச்சா டேட்டா வராது. பூட்டு ஒரு இடத்துல, சாவி வேற ஐசியில இருக்கும். அதனால அதே போர்டை உயிரோட எழுப்பணும்.

போர்டை ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) ஊத்திக் கழுவி, மைக்ராஸ்கோப்ல பாத்தேன். பவர் சப்ளைல போட்டா உடனே ஷார்ட் காட்டுது. அந்த லைன்ல சின்னச் சின்னதா நாப்பது கெப்பாசிட்டருக்கு மேல இருக்கும், ஒவ்வொண்ணும் கடுகுல பாதி. எது ஷார்ட்டுன்னு மீட்டர் சொல்லாது, எல்லாமே ஷார்ட்டுன்னுதான் காட்டும். அப்ப ரோசின் புகை காட்டுவோம். ரோசின்னா சால்டரிங்குக்குப் போடுற பிசின். சால்டரிங் அயர்ன் முனையில ரோசினைத் தொட்டா வர்ற புகையை போர்டு மேல பிடிச்சா, வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆயிடும். அப்புறம் ரொம்பக் கம்மியா வோல்ட்டேஜ் கொடுப்போம். ஷார்ட் ஆன கெப்பாசிட்டர் மட்டும் சூடாகும், அது மேல இருக்கிற வெள்ளை உருகி ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அன்னைக்கு ஷீல்டு ஓரத்துல ஒரு புள்ளி தெரிஞ்சுது. அதைத் தூக்கினேன். ஷார்ட் போயிடுச்சு. அந்த லைன்ல இன்னும் நிறைய இருக்கிறதால அது ஒண்ணு இல்லாமயே ஓடும்.

ஆன் ஆச்சு. அந்த அம்மா கடை ஸ்டூல்ல உட்கார்ந்து, முதல் மெசேஜைப் போட்டாங்க. "வரும்போது பால் வாங்கிட்டு வா"ன்னு ஒரு மெசேஜ். வேற ஒண்ணும் இல்லை அதுல. அதை ஆறு தடவை கேட்டாங்க.

இதுல கம்பெனி எனக்கு ஒரு தாள்கூடக் கொடுக்கலை. போர்டு வரைபடம் வெளிய காசு கொடுத்து வாங்கிறது. அது இல்லாட்டி குருடன் யானையைத் தடவின கதைதான். நான் கேக்குறது இலவசம் இல்லை. வரைபடத்தையும் நல்ல பார்ட்ஸையும் விலைக்குக் கொடுங்கன்னுதான் கேக்குறேன். இப்ப சில மாடல்ல ஒரிஜினல் டிஸ்பிளேவையே இன்னொரு போன்ல இருந்து கழட்டிப் போட்டாலும், 'தெரியாத பார்ட்'னு திரையில எச்சரிக்கை வருது. கஸ்டமர் என்னைத் திருடன் மாதிரி பாக்குறார்.


கொள்ளிடக்கரை | வெள்ளி, காலை 6:10

தம்பி, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். 

கணக்குப்பிள்ளைக்குப் பதில் சொல்ல நினைத்திருந்தேன், அதை இந்தப் பதிவே சொல்லிவிட்டது. பணம் நிறைய இருப்பதால் மட்டும் வாயேஜர் ஓடவில்லை. வாயேஜர் 2இன் கதையைப் பாருங்கள். 1978 ஏப்ரலில், கிளம்பி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், பூமியின் கட்டளையைக் கேட்கும் அதன் முதல் ரேடியோ ரிசீவர் பழுதானது. மாற்று ரிசீவருக்கு மாறினால், அதில் ஒரு கெப்பாசிட்டர் போய்விட்டிருந்தது. அதனால் அலைவரிசையை அது தானாகத் தேடிப் பிடிக்காது. கலத்தின் சூடு கொஞ்சம் மாறினாலும் அது கேட்கும் அலைவரிசை நகர்ந்துவிடும். அன்றிலிருந்து, கட்டளை அனுப்பும் ஒவ்வொரு முறையும், இப்போது அது எந்த அலைவரிசையில் காது வைத்திருக்கும் என்று பூமியில் கணக்குப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். யுரேனஸ், நெப்டியூன் இரண்டையும் அப்படித்தான் பார்த்தது. ஓர் ஓட்டைக் காதோடு ஒரு கலம் இத்தனை வருஷம் ஓடுகிறது என்றால், அதன் ஒவ்வொரு பாகமும் எப்படி நடந்துகொள்ளும் என்று யாரோ எழுதி வைத்தார்கள், யாரோ அதைத் தொலைக்காமல் காப்பாற்றினார்கள், யாரோ படிக்கிறார்கள்.

போனுக்கும் அந்தத் தாள் எங்கோ இருக்கிறது. செய்தவர்களிடம் இல்லாமல் இருக்குமா? திருவள்ளூர் அம்மாவுக்கும் இந்தத் தம்பிக்கும் அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 14,500 ரூபாய் போனுக்குத் தனியாக ஒரு குழு வைக்கச் சொல்லவில்லை. குழு ஏற்கெனவே ஒவ்வொரு ஊர்ச் சந்தியிலும் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறது.


கடலோரத்தி | வெள்ளி, மதியம் 2:25

நான் குமரி மாவட்டம் மேற்குக் கரை. அப்பாவும் அண்ணனும் ஆழ்கடல் தொழில். நீங்கள் எல்லோரும் போனைப் பற்றி எழுதுகிறீர்கள், எனக்கு விண்வெளி என்றால் முதலில் ஞாபகம் வருவது ஜிபிஎஸ் பெட்டி.

கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் டவர் கிடையாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஆட்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்தவர்கள். கரையில் எச்சரிக்கை சொன்னபோது அவர்களுக்கு அது எட்டவே இல்லை. எங்கள் கரையில் இன்றைக்கும் அந்த நாளில் யாரும் வலை எடுப்பதில்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகக் கடலுக்குள் செய்தி அனுப்பும் வேலை வேகம் பிடித்தது. 2019இல் ஜெமினி என்று ஒரு கருவி வந்தது. ஜிபிஎஸ்ஸுக்குத் துணையாக நம் நாடு வைத்திருக்கும் ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத்தில் போனுக்குக் கொடுக்கும். நம் நாட்டின் சொந்த ஜிபிஎஸ் மாதிரியான நாவிக் வழியாகவும் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. 'ராக்கெட்டுக்குச் செலவழிக்கிற காசில் சாப்பாடு போடலாமே' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. மேலே ஒரு செயற்கைக்கோள் பேச முடிந்திருந்தால் எங்கள் தெருவில் சில வீடுகள் இன்று வேறு மாதிரி இருக்கும்.

ஆனால் கையில் கொடுக்கும் கருவியைப் பற்றி ஒரு குறை உண்டு. அந்தச் செய்தி கடைசியில் வந்து நிற்பது ஒரு தொடுதிரை போனில். அப்பாவின் கை எப்போதும் உப்புத்தண்ணீரில் ஊறியிருக்கும். நைலான் வலை இழுத்து இழுத்து விரல் நுனி ரேகையே தேய்ந்துவிட்டது. ஈரக் கையால் தொட்டால் திரை ஒன்று கேட்பதே இல்லை, இல்லை என்றால் தானாக எங்கெங்கோ ஓடுகிறது. பனியனில் துடைத்துத் துடைத்துத் தொடுவார். அலை அடிக்கும்போது இது நடக்கிற காரியமா? அவருடைய பழைய ஜிபிஎஸ் பெட்டியில் கட்டை விரல் அளவு பட்டன்கள் உண்டு. இருட்டில் பார்க்காமலே அழுத்துவார். பதினொரு வருஷமாக அதுதான். பட்டன் ரப்பர் கிழிந்தபோது சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினார். அதை மாற்றச் சொன்னால் கோபப்படுவார்.

மாறுவது எல்லாம் முன்னேற்றம் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். கருவியைப் பயன்படுத்துகிறவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் செய்திருந்தால் பட்டனை எடுத்திருக்க மாட்டார்கள்.


மேகம்பார்த்தான் | வெள்ளி, மாலை 4:00

அக்கா, குலசேகரன்பட்டினம் ஏவுதளம் பத்தி உங்க பக்கம் என்ன பேசிக்கிறாங்க?


கடலோரத்தி | வெள்ளி, மாலை 6:35

அது எங்களுக்குக் கிழக்கே, தூத்துக்குடி மாவட்டம் தம்பி. 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் வைத்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு விட்டால் இலங்கை மேல் போகக் கூடாது என்று ராக்கெட் வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீண். சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசையிலிருந்து நேரே தெற்கே கடல்தான். காரணம் எனக்குப் புரிகிறது, பெருமையும் உண்டு. மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனை நடப்பதைக் கேட்டு வளர்ந்த மாவட்டங்கள் இவை. ஏவும் நாட்களில் கடலுக்குப் போகாமல் இருக்கச் சொல்வார்களே, அந்த நாட்கூலியை யார் தருவது என்பதை இப்போதே பேசி எழுதி வைக்க வேண்டும்.


இயற்பியல் டீச்சர் | வெள்ளி, இரவு 9:30

கடலோரத்தி, அப்பாவின் சைக்கிள் டியூப் பட்டனை என் வகுப்பில் சொல்லப் போகிறேன். 

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்வேன். சந்திரயான்-2இன் தரையிறங்கியைச் சோதிக்க நிலா மண் மாதிரி வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் விலை அதிகம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறை அனார்த்தசைட் வகை, நிலாவின் மேட்டுநிலப் பாறையும் அதே வகை. அதை அரைத்து டன் கணக்கில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். 2019இல் இறக்கம் தவறியது. என்ன தவறியது என்று உட்கார்ந்து பார்த்து, கால்களைப் பலமாக்கி, எரிபொருளைக் கூட்டி, எது எது தவறினாலும் எப்படி இறங்குவது என்று யோசித்து, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6:04க்கு சந்திரயான்-3 இறங்கியது. எங்கள் பள்ளியில் அன்று ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை. 140 பிள்ளைகள் ஒரு லேப்டாப் திரையைச் சுற்றி நின்றோம். பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது, முன்வரிசை சொல்லச் சொல்ல அவர்கள் கை தட்டினார்கள்.


கணக்குப்பிள்ளை | சனி, காலை 8:15

இரண்டு நாளாக யோசித்தேன். போன் மலிவானது அடிக்கடி வாங்குவதால் என்று எழுதினேன், அதிலிருந்து மாறவில்லை. ஆனால் பாகம் கிடைக்காமல் செய்வதற்கும் மலிவாவதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆச்சியின் 7,000 ரூபாய் போனுக்கு இரண்டாவது வருஷம் பேட்டரி கிடைக்காவிட்டால் அது மலிவான போனே இல்லை.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் போன்களுக்கு முக்கியமான பாகங்கள் ஏழு வருஷம் கிடைக்க வேண்டும், மென்பொருள் அப்டேட் ஐந்து வருஷமாவது வர வேண்டும். 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகளோடு, வாங்கியவரே பேட்டரியைக் கழற்றி மாட்டும்படி சாதனங்கள் இருக்க வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் தகவல் இருக்கிறது, கட்டாயம் இல்லை. கூகுளும் சாம்சங்கும் விலை கூடிய மாடல்களுக்கு ஏழு வருஷ அப்டேட் என்று அறிவித்துவிட்டார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை. இனி கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் முன், பேட்டரி எத்தனை வருஷம் கிடைக்கும் என்று கேட்கப் போகிறேன். இதை வாங்குகிறவர்கள் கேட்காமல் எந்தக் கம்பெனியும் யோசிக்காது.


கொள்ளிடக்கரை | அடுத்த வியாழன், இரவு 7:45

உப்பிய பேட்டரியோடு கூரியரில் அனுப்பக் கூடாது என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், போனை பீங்கான் தட்டில் வைத்து மூடி, காரில் எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். கடை என்றால் ஆறடிக்கு நாலடி. நானும் அவரும் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை.

ஹீட் மேட்டில் போனைக் குப்புறப் படுக்க வைத்து, ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து, அவசரமே இல்லாமல் மூடியைப் பிரித்தார். பேட்டரி தலையணை மாதிரி இருந்தது. அடியில் இருந்த பசையை எடுக்க ஒவ்வொரு சொட்டாக ஐபிஏ விட்டு, நூலை உள்ளே விட்டு அறுத்து எடுத்தார். உலோகம் எதையும் பக்கத்தில் கொண்டு வரவில்லை. பழைய பேட்டரியை மணல் நிரப்பிய ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டார். மாதம் ஒருமுறை மின்கழிவு எடுக்கிறவர் வருவாராம். புது பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். மூடி ஒட்ட இரண்டு மணி நேரம் கிளிப் போட்டு வைத்தார். அந்த நேரத்தில் வாயேஜர் கதையை மறுபடி கேட்டார். 2026 நவம்பரில் அது ஒரு ஒளிநாள் தூரத்தை எட்டும், அதற்குப் பிறகு இன்று கூப்பிட்டால் நாளைதான் அதற்குக் கேட்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுல சால்டர் வச்சவர் பேர் எங்கயாவது எழுதியிருக்காங்களா அண்ணே?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பதிவை அந்த போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் சார்ஜ் போட்டது, இன்னும் 58 சதவீதம் இருக்கிறது.


யாழ்மணல் | அடுத்த வியாழன், இரவு 8:30

சந்தோசம் ஐயா. அந்த மாடல் என்ன எண்டு சொல்லுவியளே? எங்கட அம்மான்ர போனும் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து கிடக்கிற மாதிரி இருக்கு.


சால்டரிங் கை | அடுத்த வியாழன், இரவு 8:34

தம்பி, இப்பவே ஆஃப் பண்ணி வைங்க. அம்மா தலகாணிக்குக் கீழ வைக்கிற பழக்கம் இருந்தா அங்க இருந்து எடுங்க. மாடல் நம்பர் போன் வந்த அட்டைப்பெட்டியில இருக்கும், எனக்கு அனுப்புங்க. எந்த பேட்டரி சேரும்னு எழுதித் தர்றேன், உங்க சந்திக் கடைப் பையன்கிட்ட காட்டுங்க.